ஒப்பீட்டு வண்டியின் பின்கதவு

ஓட வேண்டிய வண்டிகள் எல்லாம் எல்லையில் பாதிக்குப் பாதி ஓடாமல் நின்றன. ஓட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வண்டி மட்டும் தலைநகரில், வெள்ளை டைல்ஸ் பதித்த கொட்டகைக்குள், சாவியைத் தொட்டால் உறுமும் நிலையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் நம் மெக்கானிக்கின் வேலை.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. எட்டுச் சிப்பாய்களை வயிற்றுக்குள் உட்காரவைத்து, சண்டை நடக்கும் இடம்வரை கொண்டுபோய், பின்கதவைத் திறந்து இறக்கிவிடும் கவச வண்டி. சங்கிலிச் சக்கரம், மேலே ஒரு சின்னப் பீரங்கி, பக்கவாட்டில் துப்பாக்கி முனையை நீட்டுவதற்குக் கைமுட்டி அளவில் துவாரங்கள். மெக்கானிக் பிறந்த வருடம் வாங்கியது. சிப்பாய்கள் அதைப் 'பழசு' என்றார்கள். அதற்குப் பதிலாக வரவிருப்பது 'புதுசு'. புதுசைத் தயாரிப்பதற்கென்றே மாற்றீட்டு வாரியம் என்று ஒன்றை அமைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அதற்குள் வாரியத்துக்கு ஐந்து மாடிக் கட்டடம் வந்தது, இரண்டு லிஃப்ட் வந்தது, காலையில் நின்றுகொண்டு பாடுவதற்கு ஒரு கீதம் வந்தது, தலைவரின் மேஜைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் டிபன் பாக்ஸ் அளவில் புதுசின் மாதிரி ஒன்று வந்தது. புதுசுதான் இன்னும் வரவில்லை.

வாரியத்தின் மேல் பழி போடுவதற்கில்லை. விதி அப்படி. பதினான்காம் விதி என்ன சொல்கிறதென்றால், பழையதையும் புதியதையும் அக்கம்பக்கமாக நிறுத்தி, புதியதே மேல் என்று நிரூபித்த பிறகுதான் பழையதை மாற்றலாம். நியாயம்தானே, துணிக்கடையில் நாமும் அதைத்தான் செய்கிறோம். அதற்கு ஒரு துணை விதியும் உண்டு. ஒப்பிடப்படும் பழையதில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது. நோஞ்சானைக் கீழே தள்ளிவிட்டு நான்தான் பயில்வான் என்று புதுசு சொல்லிக்கொள்ளக் கூடாதல்லவா. ஆகவே நானூறு பழசுகளில் ஒன்றைப் பொறுக்கி, அதற்கு 'ஒப்பீட்டு வண்டி' என்று பெயர் சூட்டி, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

அந்தத் தொழிற்சாலையை இழுத்து மூடிப் பல வருடம் ஆகிறது. உதிரி பாகம் மருந்துக்கும் கிடையாது. ஒப்பீட்டு வண்டியில் ஒரு போல்ட் தேய்ந்தாலும், எல்லையில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பழசிலிருந்து கழற்றித்தான் அனுப்புவார்கள். கழற்றப்பட்ட வண்டி அதற்கப்புறம் என்ன ஆகிறது என்று விதிப் புத்தகத்தில் எதுவும் இல்லை.

எல்லைப் பணிமனைகளில் முப்பது வருடம் கிரீஸில் ஊறிய மெக்கானிக்கை இங்கே மாற்றல் போட்டபோது, வீட்டுச் சாப்பாடு கிடைக்குமே என்று மகிழ்ந்தார். முதல் நாளே தலைவர் கொட்டகைக்கு வந்து எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"இந்த வண்டிதான் நம்ம எதிரி. எதிரியை நாம கண்ணும் கருத்துமா பாத்துக்கணும். எதிரி ஆரோக்கியமா இருந்தாத்தான் நம்ம வெற்றிக்கு ஒரு மரியாதை."

எல்லோரும் கைதட்டினார்கள். எதிரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கும் தட்டினார்.

அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் ஒரே தம்பி, எல்லையில் சிப்பாய். நாற்பத்தொன்று என்று எண் போட்ட பழசில் உட்கார்ந்து போகும் எட்டுப் பேரில் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவுக்குப் போன் பண்ணுவான். அவளிடம் சாப்பிட்டதைச் சொல்வான். போன் மாமாவின் கைக்கு வந்ததும் வண்டியைப் பற்றிச் சொல்வான்.

"மாமா, பின்கதவு உள்ள இருந்து திறக்க மாட்டேங்குது. கைப்பிடி சும்மா சுத்துது."

"தாழ்ப்பாள்ல பல் தேஞ்சிருக்கும் மாப்ள. அதை மாத்தினாத்தான் உண்டு. இப்ப எப்படி இறங்குறீங்க?"

"ஒருத்தன் மேல் மூடி வழியா ஏறி வெளிய குதிச்சு, பின்னாடி சுத்திப் போய்த் திறந்துவிடுறான். அதுவரைக்கும் எதிரி சுடாம இருக்கணும். போன தடவை பயிற்சிதான், அதனால இருந்தாங்க."

மெக்கானிக்கின் மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் திறக்காத கதவு என்றால் என்ன என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து அவர் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "ஏங்க, கதவு என்னாச்சு?" என்று கேட்பது அவள் வழக்கமாகிவிட்டது.

மெக்கானிக் வாரியச் செயலாளரிடம் மனுவோடு போனார். எதைச் சொன்னாலும் "குறிச்சுக்கிட்டேன்" என்பதால் செயலாளருக்குக் 'குறிப்பு' என்று பட்டப்பெயர். குறிப்பு மனுவை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தார்.

"பழசுக்குத் தாழ்ப்பாள் புதுசா செஞ்சு தரணும்கிறீங்க."

"ஆமா சார். சின்னப் பாகம்தான். நம்ம பட்டறையில நானே கடைஞ்சு குடுத்துடுவேன். எல்லா வண்டிக்கும் வேணாலும் செய்யலாம்."

"செய்யலாம். ஆனா பழசைத்தான் மாத்தப் போறோமே. மாத்தப் போற வண்டிக்கு யாராவது கதவு மாத்துவாங்களா? வீட்டை இடிக்கப் போறோம், அதுக்கு வெள்ளையடிங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"எப்ப சார் இடிப்பீங்க?"

"புதுசு ஜெயிச்ச உடனே. மறுநாளே மாத்திடுவோம். மத்தபடி உங்க உணர்வு எனக்குப் புரியுது. குறிச்சுக்கிட்டேன்."

மெக்கானிக்குக் கோபம் வரவில்லை, நம்பிக்கைதான் வந்தது. நல்ல மனிதர்களுக்கு இப்படித்தான் ஆகும். புதுசு ஜெயித்தால் மறுநாளே நானூறு வண்டியும் மாறும், நாற்பத்தொன்றும் மாறும். அப்படியானால் ஒப்பீடு சீக்கிரம் நடக்க வேண்டும். அது நடக்க வேண்டுமென்றால் ஒப்பீட்டு வண்டியில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவர் அந்த வண்டிக்குச் செய்த பணிவிடையைத் தன் பிள்ளைக்குக்கூடச் செய்ததில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகக் கழுவினார். எஞ்சினை மூன்று தடவை இறக்கி ஏற்றினார். பார்த்து முடித்த பாகங்களில் அரத்தால் பொடியாக மூன்று கோடு போடுவது அவருடைய பழக்கம். ஆறு மாதத்தில் அந்த வண்டியில் மூன்று கோடு இல்லாத பாகமே இல்லை.

ஒப்பீட்டு நாள் வந்தது. லாரிமேல் தார்ப்பாய் போர்த்திப் புதுசைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. மேட்டில் பாதி ஏறியதும் நின்றது. அதைச் செய்த பொறியாளர் லேப்டாப்போடு இறங்கி, அது யோசித்துக்கொண்டிருக்கிறது என்றார். முக்கால் மணி நேரம் யோசித்தது. பிறகு பின்பக்கமாக உருண்டு, முதலில் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது.

பழசின் முறை வந்தது. மெக்கானிக்கே ஓட்டினார். ஒரே மூச்சில் ஏறி, இறங்கி, யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் ஏறியது. துளிப் புகை இல்லை. வாரிய உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் வெட்கத்தோடு கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள்தான், தான் செய்து வைத்த காரியம் அவருக்கு உறைத்தது.

"இப்படி ஒரு அருமையான வண்டியை வெச்சுக்கிட்டு ஏன் மாத்துறீங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார் தலைவர். "எல்லையில இருந்து பழசு சரியில்லை, பழசு சரியில்லைன்னு கடிதம் மேல கடிதம். வண்டியில குறை இல்லைங்க. பசங்க ஒழுங்கா துடைக்கறதில்லை. அவ்வளவுதான்."

ஒப்பீட்டு வண்டியைவிடப் புதுசு கால் மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதற்கு ஒன்பது வருட அவகாசமும் கொடுத்தார்கள். வண்டியை ஒழுங்காகத் துடைக்கும்படி எல்லைக்கு ஒரு சுற்றறிக்கை போனது. கூடவே ஆளுக்கொரு துணியும் போனது.

"மாமா, துணி வந்துச்சு," என்றான் மச்சினன் அந்த ஞாயிற்றுக்கிழமை. "நல்ல துணி. கதவு?"

மெக்கானிக் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தார். அந்த ஒன்பது வருடத்துக்குள் மூன்று மாதத்துக்கொரு இடைக்கால ஒப்பீடு உண்டு, அதில் புதுசு ஜெயித்தாலே போதும் என்று தெரிந்ததும், எண்ணெய் விடாமல் சங்கிலியைத் தளரவிட்டார். பழசு தோற்றுத் தொலையட்டும் என்ற எண்ணம். முன் பரிசோதனைக்கு வந்தவர்கள் சங்கிலியைத் தட்டிப் பார்த்துக் குறை இருக்கிறது என்றார்கள். குறையுள்ள வண்டியோடு ஒப்பிட விதி இடம் கொடுக்கவில்லை. ஒப்பீடு தள்ளிப்போனது. எல்லையில் இரண்டு வண்டிகளின் சங்கிலியைக் கழற்றிக் கொண்டுவந்து இதற்குப் போட்டார்கள். அந்த இரண்டு வண்டிக்காரர்கள் இப்போது நடந்து போகிறார்கள் என்று மச்சினன் சொன்னான்.

நன்றாக வைத்திருந்தால் புதுசு தோற்கும். மோசமாக வைத்திருந்தால் ஒப்பீடே நடக்காது. இதை மெக்கானிக் ஒரு தாளில் எழுதி, மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் மச்சினன் வண்டிக்குள்தான் இருந்தான். புதுசு, ஒப்பீடு, வாரியம் எல்லாவற்றையும் அந்த நிமிடமே கைகழுவினார். ஒரு தாழ்ப்பாள் போதும். அது கைக்கெட்டும் தூரத்தில், வெள்ளை டைல்ஸ் தரைக்கு நாலடி மேலே, எண்ணெய் மினுங்க இருந்தது.

அடுத்த மாதம் பத்து நாள் லீவில் வந்த மச்சினன், மாமா சொல்லியிருந்தபடி நாற்பத்தொன்றின் தேய்ந்த தாழ்ப்பாளைத் துணிகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்தான். மெக்கானிக் அதைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொட்டகைக்கு எடுத்துப்போனார். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒப்பீட்டு வண்டியின் நல்ல தாழ்ப்பாளைக் கழற்றி, தேய்ந்ததை மாட்டி, நல்லதை டப்பாவில் போட்டு மூடினார். முப்பது வருட சர்வீஸில் ஒரு ஸ்குரூகூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர். வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் யார் கவனிக்கப்போகிறார்கள்? சீட் கசங்கிவிடும் என்று அந்த வண்டியின் பின்பகுதியில் ஆறு வருடமாக ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை.

லீவு முடிந்து போன முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"மாமா, கைய வெச்சா போதும், கதவு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுத் திறக்குது. எட்டுப் பேரும் மாத்தி மாத்தித் திறந்து பாத்தோம். பக்கத்து வண்டிக்காரங்கள்லாம் வந்து வேடிக்கை பாத்துட்டுப் போறாங்க."

அன்று மெக்கானிக்கின் மனைவி கதவைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கு இரண்டாவது தடவை காப்பி கிடைத்தது. இருபது நாள் அந்த வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

இருபத்தோராம் நாள் காலை வாரியத்தின் நூறாவது கூட்டம். களத்தின் உணர்வோடு நடக்க வேண்டும் என்பதற்காக அதை ஒப்பீட்டு வண்டிக்குள்ளேயே நடத்துவது என்று தலைவர் அன்று காலையில்தான் முடிவு செய்தார். உறுப்பினர்கள் சரியாக எட்டுப் பேர். மெக்கானிக் குறுக்கே ஓடினார்.

"சார், சீட் கசங்கிடும்," என்று செயலாளர் குறிப்பிடம் சொல்லிப் பார்த்தார்.

"தேய்ச்சுக்கலாம். குறிச்சுக்கிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே குறிப்பும் உள்ளே ஏறிக் கதவை இழுத்து மூடினார். அவரும் உறுப்பினர்தான்.

எப்படியும் வெளியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் திறந்துவிடும், பார்த்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக் பக்கத்திலேயே நின்றார். வாசலுக்குக் காவலாகப் போடப்பட்ட காவலாளியும் நின்றார். ஒரு மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. உள்ளே கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. பிறகு எட்டுப் பேரும் முறைபோட்டுக்கொண்டு சுற்றும் சத்தம் கேட்டது. மெக்கானிக் ஓடிப்போய் வெளிக் கைப்பிடியில் கை வைத்தார். காவலாளி அவர் கையைப் பிடித்தார்.

"கூட்டம் நடக்கும்போது வெளி ஆள் கதவைத் தொடக் கூடாதுங்க."

"கூட்டம் முடிஞ்சுபோச்சுய்யா. அதான் திறக்கப் பாக்குறாங்க."

"உறுப்பினர்கள் வெளிய வந்தாத்தான் கூட்டம் முடிஞ்சதா அர்த்தம். அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க."

"கதவைத் திறந்தாத்தானே அவங்க வெளிய வர முடியும்?"

"அதுக்குத்தான் கூட்டம் முடியணும்கிறேன்."

ஓட்டுநரின் இடத்துக்கு உள்ளேயிருந்து வழி கிடையாது. மேல் மூடி வழியாக வரலாம் என்றால், அது திறக்கப்படவில்லை என்பதற்கு அத்தாட்சியாக வாரியமே அரக்கு வைத்து அடைத்திருந்தது. உள்ளே புழுக்கம் ஏறியது. கொஞ்ச நேரம் கீதம் பாடிப் பார்த்தார்கள். அப்புறம் அதுவும் நின்றது. தலைவர் துப்பாக்கித் துவாரத்தில் வாயை வைத்து, "நான் தலைவர் பேசுறேன், திறந்துவிடுய்யா," என்றார். வெறும் குரலை நம்பித் திறந்தால் தன் வேலை போய்விடும் என்று காவலாளி பணிவோடு சொன்னார். கடைசியில் கூட்டம் முடிந்ததாக ஒரு தாளில் எட்டுப் பேரும் கையெழுத்திட்டு, சுருட்டி, துப்பாக்கித் துவாரம் வழியாக வெளியே தள்ளினார்கள். காவலாளி எட்டுக் கையெழுத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மெக்கானிக் இழுத்தார். கதவு திறந்தது. இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

தலைவர் சட்டையைப் பிழிந்தபடி, ஒரு காலில் ஷூ இல்லாமல் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்த மெக்கானிக் எங்கிருந்தோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"சார், எல்லையில பசங்க தினமும் இப்படித்தான் சார் உட்கார்ந்திருக்காங்க. அங்க வெளிய நின்னு திறந்துவிட ஆள் இல்லை."

தலைவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது.

"இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. உள்ள இருக்கும்போது என் பேத்தி ஞாபகம் வந்துடுச்சு தெரியுமா? இனிமே ஒருத்தர்கூட இப்படி மாட்டக் கூடாது. இந்த நிமிஷமே நடவடிக்கை எடுக்கிறேன்."

மெக்கானிக்கும் அழுதுவிட்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவளும் அழுதாள். இருபத்திரண்டு வருடத்தில் வாரியம் ஒரே நாளில் எடுத்த முதல் நடவடிக்கை அது.

தேய்ந்த தாழ்ப்பாளைக் கழற்றி, உபயோகிக்காமலே ஒரு பாகம் எப்படித் தேய்ந்தது என்று ஆராய ஒரு துணைக்குழுவிடம் ஒப்படைத்தார்கள். குழு அதை முத்திரை வைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது. அதே சமயம் எல்லையில் உள்ள எல்லா முகாம்களுக்கும் அவசரச் செய்தி போனது. பின்கதவு நன்றாகத் திறக்கும் வண்டி எதுவென்று உடனே தெரிவிக்க வேண்டும்.

நான்காம் நாள் தனி ஜீப்பில் ஒரு பெட்டி வந்தது. மெக்கானிக் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் தாழ்ப்பாள் இருந்தது. எடுத்துத் திருப்பினார். விளிம்பில் பொடியாக மூன்று கோடு.

தலைவரும் குறிப்பும் பக்கத்தில் நின்றார்கள். மாட்டச் சொன்னார்கள். மாட்டினார். உள்ளே உட்கார்ந்து மூடித் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே போய் மூடினார். இருட்டில் எட்டு சீட்டுகள் இருந்தன. எதில் மச்சினன் உட்காருவான் என்று அவர் இதுவரை கேட்டதில்லை. கைப்பிடியைத் தொட்டார். கதவு திறந்தது. வெளியே கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா, மனசு வெச்சா நாலே நாள்," என்றார் தலைவர். "உங்களுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் தரச் சொல்லியிருக்கேன்."

"குறிச்சுக்கிட்டேன்," என்று சொல்லியபடி செயலாளர் குறிப்பு படிவத்தை நீட்டினார். பாகம் எந்த வண்டியிலிருந்து பெறப்பட்டது என்ற இடத்தில் மெக்கானிக் நாற்பத்தொன்று என்று எழுதினார். அதற்குக் கீழே, அந்த வண்டியின் தற்போதைய நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'தேவையில்லை' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அன்றைக்கு மாமாவிடம்தான் முதலில் பேச வேண்டும் என்று மச்சினன் கேட்டான்.

"மாமா, கழட்டிட்டுப் போயிட்டாங்க. தப்பு என்னோடதுதான். யார் வண்டியில கதவு நல்லா இருக்குன்னு ஆபீசர் கேட்டாரு. பாராட்டப் போறாங்கன்னு நினைச்சு நான்தான் கையைத் தூக்கினேன்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்தப் பழைய தாழ்ப்பாளையாவது அனுப்ப முடியுமா?"

"அது கண்ணாடிப் பெட்டியில இருக்கு மாப்ள. முத்திரை வெச்சுட்டாங்க."

"சரி விடுங்க. இப்போதைக்குக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கோம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாளைக்கு முன்னால போகச் சொல்லியிருக்காங்க, இந்தத் தடவை பயிற்சி இல்லை. கயிறு என்ன தடிமன்ல இருந்தா நல்லது? குலுக்கல்ல அறுந்து கதவு திறந்துக்கக் கூடாது. இறங்கும்போது கத்தியால சட்டுனு அறுக்கவும் வரணும்."

முப்பது வருட அனுபவம். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஜன்னலோரம் கட்டியிருந்த துணிக்கொடியை இரண்டு விரலால் பிடித்துத் தடிமன் பார்த்தார். அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுறேன் மாமா, அக்காகிட்ட சொல்லிடுங்க என்று மச்சினன் வைத்துவிட்டான்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்தாள்.

"வெச்சுட்டானா? என்கிட்ட பேசாமலேயா? கதவு திறக்குதாமா?"

"திறக்குது," என்றார் மெக்கானிக்.

எந்த வண்டியின் கதவு என்று அவள் கேட்கவில்லை. அவருக்கு இன்னொரு காப்பி போட உள்ளே போனாள்.